கடைக்கு நான்கு பெட்டி

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தின் படிகளில் ஏறித் தெருவுக்கு வருகிறவருக்கு, ஊர் மாறிவிட்டதோ என்று ஒரு கணம் சந்தேகம் வரும். பலசரக்குக் கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டு, அடுத்த கடையில் கொத்துரொட்டி தட்டும் ஓசை, எதிரே சேலை உடுத்திய பொம்மைகள், நகைக்கடைகள். ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற இந்தத் தெருவில் சரவண பவனும் உண்டு, மகாலட்சுமி கோயிலும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழும் கும்பகோணத்துத் தமிழும் ஒரே நடைபாதையில் உரசிக்கொண்டு போகும்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் இந்த வண்ணங்களுக்கிடையே வேறு சில வண்ணங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். லாட்புரோக்ஸின் சிவப்பு, வில்லியம் ஹில்லின் கருநீலம், பேடி பவரின் பச்சை. எல்லாம் பந்தயக் கடைகள். 2010களின் தொடக்கத்தில் இந்த ஒரே தெருவில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பந்தயக் கடைகள் இருந்தன. இந்தப் பகுதியை ஆளும் நியூஹாம் கவுன்சிலின் எல்லைக்குள் மொத்தம் எண்பதைத் தாண்டியது கணக்கு. லண்டனின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்று நியூஹாம். இங்கே இத்தனை கடைகள் எதற்கு என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அதற்குக் கிடைத்த பதில் விசித்திரமானது: அந்தக் கேள்வியைக் கேட்கவே சட்டத்தில் இடமில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் குதிரைகள், ஒன்றில் நாய்கள், இன்னொன்றில் கணினியில் வரைந்த நாய்கள். ஓடுவதற்கு உண்மையான நாயே தேவைப்படாத நாய்ப் பந்தயமும் உண்டு. சில நிமிடத்துக்கு ஒன்று. இன்னொரு சுவரில் அன்றைய பந்தயப் பத்திரிகையின் தாள்கள் விரித்துக் குத்தப்பட்டிருக்கும். அதன் கீழே ஒரு பலகை, பந்தயச் சீட்டுகள், சுண்டுவிரல் நீளத்தில் குட்டிப் பேனாக்கள். குதிரையின் பெயரும் பணமும் எழுதி, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்ணிடம் நீட்டினால் ஆயிற்று. பல நேரம் கடைக்கே அவர் ஒருவர்தான் ஊழியர். குளிர்காலத்தில் இந்தக் கடைகளில் கிழவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். கதகதப்பான இடம், தெரிந்த முகங்கள், ஐம்பது பென்னிக்கு ஒரு பந்தயம். இவர்கள்மேல் தெருக்காரர்களுக்குப் பெரிய கோபம் எதுவும் இருந்ததில்லை.

கோபம் எல்லாம் கடையின் இன்னொரு மூலையில் நிற்கும் நான்கு பெட்டிகள் மேல்.

பெட்டி என்றால் ஆள் உயரத்துக்குத் தொடுதிரை வைத்த எந்திரம். திரையில் ரூலெட் சக்கரம் சுழலும். 2019 வரை ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை வைக்கலாம். 20 வினாடியில் அடுத்த சுற்று. மணிக்கு 180 சுற்று, காகிதக் கணக்கில் 18,000 பவுண்டு. யாரும் ஒரு மணி நேரத்தில் அவ்வளவையும் தொலைத்துவிடுவதில்லை என்று நிறுவனங்கள் சொல்லும்; உண்மைதான். ஆனால் தொலைக்க முடியும் என்பதுதான் விஷயம். சூதாட்டத்தின் கிராக் கோகெய்ன் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் இதற்குப் பட்டம் கட்டின. ஒரு கடைக்கு நான்கு பெட்டிதான் என்பது சட்டம். மக்களைக் காக்கப் போட்ட இந்த வரம்புதான் கடைத்தெருவைக் கெடுத்தது. ஐந்தாவது பெட்டி வேண்டுமானால் என்ன செய்வது? பக்கத்தில் இன்னொரு கடை திறப்பது. அங்கே மேலும் நான்கு. அப்படித்தான் ஒரே நிறுவனத்தின் இரண்டு கடைகள் கூப்பிடு தூரத்தில் முளைத்தன. குதிரைமேல் பணம் கட்டுகிறவர்கள் பெருகியதால் கடைகள் பெருகின என்று நினைப்பது தவறு. 2010களின் நடுவில் பந்தயக் கடைகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் பெட்டிகளிலிருந்தே வந்தது.

இந்தக் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் கிழக்கு லண்டனின் சந்துகளுக்கே போக வேண்டியிருக்கும். 1906-ல் வந்த தெருப் பந்தயத் தடைச் சட்டம், ரொக்கம் கொடுத்துத் தெருவில் பந்தயம் கட்டுவதைக் குற்றமாக்கியது. கனவான்கள் பந்தயத் திடலுக்கே போய்க் கட்டலாம். கடன் கணக்கு வைத்து ஆள் மூலம் கட்டலாம். 1886-ல் தொடங்கிய லாட்புரோக்ஸ் பிற்பாடு இப்படிப்பட்ட மேட்டுக்குடிக்காரர்களைத்தான் நம்பி வளர்ந்தது. துறைமுகக் கூலிக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு மதுக்கடை வாசலிலும் தெருமுனையிலும் நிற்கும், பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் ஆள்தான் கதி. ஒரு துண்டுச் சீட்டில் குதிரையின் பெயர், பணம், தன் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர். சீட்டுகளை வாங்கிப் போட ஒரு தோல் பை. அதன் வாயில் கடிகாரம் வைத்த பூட்டு. பை எத்தனை மணிக்குப் பூட்டப்பட்டது என்பதைக் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். பந்தயம் முடிந்தபின் ஜெயித்த குதிரையின் சீட்டை உள்ளே நுழைக்க முடியாது. போலீஸ்காரருக்கும் புக்கிக்கும் ஒரு புரிந்துணர்வு இருந்தது: கணக்குக்கு அவ்வப்போது ஒருவனைப் பிடித்துக்கொடுப்பது, அபராதத்தைப் புக்கி கட்டிவிடுவது.

1960-ல் சட்டம் மாறியது. 1961 மே 1-ஆம் தேதி முதல் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தன. அப்போது உள்துறை அமைச்சர் ஆர்.ஏ. பட்லர். கடை இருக்கலாம், ஆனால் யாரையும் இழுக்கக் கூடாது என்பது நாடாளுமன்றத்தின் எண்ணம். நாற்காலி போட்டு உபசரிக்கக் கூடாது, தொலைக்காட்சி கூடாது, உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது. வா, கட்டு, போ. அமைச்சரே பிற்பாடு தம் நினைவுக் குறிப்பில் இந்தக் கடைகளைச் சாவுச் சடங்கு நடத்துபவர்களின் கடையோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். அக்காலத்தின் மிகப் பெரிய புக்கியான வில்லியம் ஹில்லுக்கோ இந்தக் கடைகளே பிடிக்கவில்லை. சமூகத்தைப் பிடித்த புற்றுநோய் என்றார். ஐந்து வருடம் தள்ளி நின்றார், 1966-ல் அவரும் இறங்கினார். இன்று பிரிட்டனில் பந்தயக் கடை என்றதும் நினைவுக்கு வரும் இரண்டு மூன்று பெயர்களில் அவருடையதும் ஒன்று.

இங்கே நிறுவனங்கள் பக்கத்திலிருந்து ஒரு நியாயமான வாதம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 பந்தயக் கடைகள் இருந்தன. எதிர்ப்பு உச்சத்தில் இருந்த 2010களில் அந்த எண்ணிக்கை சுமார் 9,000 தான். அப்படியிருக்கக் கடைகள் பெருகிவிட்டன என்ற கூச்சல் ஏன்? பதில் கடைகள் இருந்த இடத்தில் இருக்கிறது. அந்தப் பழைய கடைகளில் பெரும்பாலானவை சந்துக்குள், பக்கத் தெருவில், சலூனுக்கும் மீன் வறுவல் கடைக்கும் நடுவே ஒண்டிக்கிடந்தவை. புதியவை கடைத்தெருவின் மூலைக் கட்டடங்களுக்கு வந்துவிட்டன. வங்கிகள் காலி செய்துபோன, பெரிய கண்ணாடி வைத்த கட்டடங்களுக்கு. அதோடு, வசதியான ஊர்களில் மூடி, வசதியற்ற ஊர்களில் திறந்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் கணக்கெடுத்தபோது, பிரிட்டனின் சூதாட்டக் கூடங்களில் 21 சதவீதம் மிக ஏழ்மையான பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் இருந்தன. மிக வசதியான பத்தில் ஒரு பங்கில் இருந்தவை 2 சதவீதம்.

பெட்டிகள் எப்படிக் கடைக்குள் வந்தன என்பதற்கு விடை வரிச்சட்டத்தில் இருக்கிறது. 2001 வரை, கட்டும் பணத்தின் மீதே 6.75 சதவீதம் வரி. ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் கடைக்காரருக்கு மிஞ்சுவதோ சுமார் 2.7 சதவீதம். வரி கட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நஷ்டம். ஆகவே யாரும் ரூலெட்டைத் தொடவில்லை. 2001 அக்டோபரில் அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அந்த வரியை எடுத்துவிட்டு, கடையின் மொத்த லாபத்தின் மீது வரி போட்டார். வெளிநாட்டுக்கு ஓடிய தொலைபேசிப் பந்தயத் தொழிலைத் திரும்பக் கொண்டுவருவது அவர் நோக்கம். அது நடந்தது. கூடவே பெட்டியும் கடைக்குள் நுழைந்தது.

இரண்டாவது கதவைத் திறந்தது 2005-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம்; அது 2007 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை உரிமம் கேட்பவர், இந்த ஊருக்கு இன்னொரு கடை தேவைப்படுகிறது என்று மாஜிஸ்திரேட்டிடம் நிரூபிக்க வேண்டும். புதிய சட்டம் அந்தத் தேவைச் சோதனையை எடுத்துவிட்டது. உரிமம் தரும் வேலையைக் கவுன்சில்களிடம் கொடுத்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் அதிகாரம் வந்ததே என்று பார்த்தால், அதே சட்டத்தின் 153-ஆம் பிரிவு அந்தக் கையைக் கட்டிப்போட்டது. விண்ணப்பம் வந்தால் அனுமதிக்கும் நோக்கத்தோடுதான் கவுன்சில் அதைப் பார்க்க வேண்டும். ஊருக்குத் தேவையா இல்லையா என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சியின் மூத்த தலைவர் ஹாரியட் ஹார்மன் பிற்பாடு, விளைவு இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் இதை அனுமதித்திருக்க மாட்டோம் என்ற பொருளில் வருந்தினார். அதற்குள் கடைகள் திறந்தாகிவிட்டன.

ஈஸ்ட் ஹாமிலிருந்து மேற்கே ஒரே நிறுத்தம் அப்டன் பார்க். நடந்தும் போகலாம். பார்க்கிங் ரோடும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் 1966 உலகக் கோப்பையை ஏந்திய கால்பந்து வீரர் பாபி மூரை மற்ற வீரர்கள் தோளில் தூக்கி நிற்கும் சிலை. இந்த ஊரின் கால்பந்து அணியான வெஸ்ட் ஹாம் 2016-ல் தன் பழைய மைதானத்தை விட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். கிரீன் ஸ்ட்ரீட்டில் மிச்சமிருப்பது தெற்காசிய வாழ்க்கை: லெஹங்காக் கடைகள், இனிப்புக் கடைகள், க்வீன்ஸ் மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு, கருவாடு, பச்சை வாழைக்காய். அந்தச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்டும் திட்டத்தை எதிர்த்து வியாபாரிகளும் குடியிருப்போரும் வருடக்கணக்கில் போராடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். சண்டை போட்டுப் பழக்கப்பட்ட தெரு இது.

இந்தத் தெருவில் கடை திறக்கப் பேடி பவர் விண்ணப்பித்தபோது நியூஹாம் கவுன்சில் மறுத்தது. மறுப்புக்குச் சொன்ன காரணம் சாமர்த்தியமானது. இது பெயருக்குத்தான் பந்தயக் கடை. இங்கே முதன்மையாக நடக்கப்போவது பந்தயம் அல்ல, பெட்டி விளையாட்டு. ஆகவே பந்தயக் கடை உரிமம் பொருந்தாது. தெருவில் குற்றங்கள் கூடும் என்பது இன்னொரு காரணம். நிறுவனம் தேம்ஸ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஜூனில் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் வந்தது. கவுன்சில் சொன்னதற்குப் போதிய ஆதாரமில்லை என்று உரிமம் வழங்கப்பட்டது.

இந்தத் தோல்வி மற்ற கவுன்சில்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஓர் ஆட்சேபணை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். காலிக் கடையின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டப்படும். இன்னார் இங்கே உரிமம் கேட்டிருக்கிறார், 28 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். கோபத்தோடு எழுத உட்காரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் தோன்றுவது எதையும் எழுத முடியாது. சூதாட்டம் பாவம் என்று எழுதினால் செல்லாது. ஏற்கெனவே இந்தத் தெருவில் எட்டுக் கடை இருக்கிறது என்று எழுதினால் செல்லாது, அது தேவையைப் பற்றிய பேச்சு. செல்லுபடியாகும் காரணங்கள் மூன்றே: சூதாட்டம் குற்றத்துக்குத் துணைபோகக் கூடாது, அது நேர்மையாக நடக்க வேண்டும், குழந்தைகளும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களும் காக்கப்பட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றில் தன் கோபத்தை மடித்து வைக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும்.

பிறகு விசாரணை. ஒரு மேசையின் ஒரு பக்கம் மூன்று கவுன்சிலர்கள். எதிரே நிறுவனத்தின் வக்கீல், கையில் தடித்த கோப்பு. அதில் கேமரா எங்கே, காவலாளி எத்தனை மணிக்கு, வயதுச் சரிபார்ப்பு எப்படி என்று பக்கம் பக்கமாக. குடியிருப்போர் தரப்பில் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரும் தாய், ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவாலயத்துக்காரர். அவர்களிடம் இருப்பது அந்த வாசலில் நிற்கும் கூட்டத்தைத் தினமும் பார்த்த அனுபவம். அனுபவம் ஆதாரமாகாது என்பதை அன்றுதான் கற்றுக்கொள்கிறார்கள். கவுன்சில் தைரியமாக மறுத்தாலும் நிறுவனம் மேல்முறையீடு செய்யும். தோற்றால் வழக்குச் செலவு கவுன்சிலின் தலையில் விழக்கூடும். பந்தயக் கடை உரிமத்துக்காக நிறுவனம் கட்டும் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பே 600 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு எந்தக் கவுன்சில் பெரிய வக்கீலை அமர்த்தும்?

வடக்கு லண்டனில் ஹாரிங்கே பகுதியின் கிரீன் லேன்ஸ் வேறு ரகம். தெரு முழுக்கத் துருக்கிய, குர்திஷ் உணவகங்கள். ராத்திரி பத்து மணிக்கும் கரியடுப்பில் இறைச்சி சுடும் புகை. இந்தத் தெருவில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று செயின்ஸ்பரிஸ் பல்பொருள் அங்காடி நிற்கும் இடத்தில் 1927 முதல் 1987 வரை நாய்ப் பந்தய அரங்கு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடி, உண்மையான நாய்கள் ஓடுவதைப் பார்த்து, சட்டப்படி பணம் கட்டிய இடம். அரங்கு போய்விட்டது. நாய்கள் இல்லாத கிரீன் லேன்ஸில் பந்தயக் கடைகள் வரிசைகட்டின. இங்கும் டாட்டனம் பகுதியிலும் குடியிருப்போர் சங்கங்கள் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போராடின. டாட்டனம் எம்.பி. டேவிட் லாமி நாடாளுமன்றத்தில் இதைத் திரும்பத் திரும்ப எழுப்பினார்.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே டெப்ட்ஃபர்டில் வாரத்தில் மூன்று நாள் தெருச் சந்தை. பழைய துணி, பழைய சைக்கிள், யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய பீங்கான் கோப்பைகள். அந்த ஹை ஸ்ட்ரீட்டின் முனையில் ஒரு பெரிய இரும்பு நங்கூரம் கிடக்கிறது. 2013-ல் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரார் விடாமல் கேட்டு 2018-ல் திரும்ப வாங்கிவிட்டார்கள். நங்கூரத்தை மீட்கத் தெரிந்த ஊருக்குப் பந்தயக் கடையைத் தடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஜான் ஈவ்லின் வாழ்ந்த ஊர் இது. அவர் பெயரில் இருந்த மதுக்கடையே பேடி பவர் கடையாக மாறியபோது ஊர் கொதித்தது. மதுக்கடைக்காக மக்கள் கண்ணீர் விடுவது தமிழ் வாசகருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத் தெருவில் அது பாதித் திண்ணை, பாதிச் சமுதாயக் கூடம்.

மதுக்கடை ராத்திரியோடு ராத்திரியாகப் பந்தயக் கடையாக எப்படி மாற முடியும்? கட்டடப் பயன்பாட்டு விதியில் அன்று பந்தயக் கடை வங்கியோடு ஒரே வகுப்பில் இருந்தது: நிதிச் சேவை, தொழில்முறைச் சேவை. ஆகவே வங்கியோ கட்டடக் கடன் நிறுவனமோ காலி செய்த இடத்தில் பந்தயக் கடை வர, திட்ட அனுமதியே தேவையில்லை. மதுக்கடையும் உணவகமும் அந்த வகுப்புக்குத் தடையின்றி மாறலாம். கடைத்தெருக்களின் சீரழிவை ஆராய அரசு அமர்த்திய மேரி போர்ட்டாஸ் 2011 டிசம்பரில் தந்த அறிக்கையில், பந்தயக் கடைகளைத் தனி வகுப்பாகப் பிரியுங்கள் என்று எழுதினார். சதர்க் கவுன்சில் காத்திருக்காமல் 2013-ல் சிறப்பு ஆணை போட்டுத் தன் எல்லைக்குள் இந்த ஓட்டையை அடைத்தது. இங்கிலாந்து முழுக்க அது அடைபட 2015 ஏப்ரல் ஆயிற்று. அதற்குள் நல்ல மூலைகள் எல்லாம் போய்விட்டன.

உள்ளூர்க் கோபம் ஒன்று திரண்டதும் இந்தக் காலத்தில்தான். பேடி பவர் வழக்கில் தோற்ற அதே நியூஹாம் முன்னால் நின்று, மொத்தம் 93 கவுன்சில்களைச் சேர்த்துக்கொண்டு, பெட்டியின் உச்சவரம்பை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைக்கச் சொல்லி மத்திய அரசிடம் முறைப்படி கோரியது. கடையைத் தடுக்க முடியாவிட்டால் கடை முளைக்கும் காரணத்தை வெட்டு என்பது இதன் தர்க்கம். 2015-ல் அரசு மறுத்தது. வெளியே பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டெரெக் வெப்; மூன்று சீட்டுப் போக்கர் ஆட்டத்தைக் கண்டுபிடித்து, அதைக் கசினோக்களுக்கு விற்றுப் பணக்காரரானவர். சூதாட்டத்தில் சம்பாதித்தவரே சூதாட்டப் பெட்டியை எதிர்க்கிறார் என்று நிறுவனங்கள் முகம் சுளித்தன. கசினோவுக்குப் போவது வேறு, பால் வாங்கப் போகும் வழியில் கசினோ இருப்பது வேறு என்பது பிரசாரக்காரர்களின் பதில்.

2018 மே மாதம் அரசு இறங்கிவந்தது. 2 பவுண்டு என்று அறிவித்தது. அக்டோபர் பட்ஜெட்டில் அமலாகும் தேதியை 2019 அக்டோபருக்குத் தள்ளியது. இந்தத் தாமதத்தை எதிர்த்து, துறைக்குப் பொறுப்பான இணையமைச்சர் ட்ரேசி க்ரவுச் 2018 நவம்பர் 1-ஆம் தேதி பதவியை விட்டு விலகினார். சொந்தக் கட்சி எம்.பி.க்களே திரும்பிக்கொண்டதும் அரசு பின்வாங்கி, 2019 ஏப்ரல் 1 முதல் அமல்படுத்தியது. மூன்றே மாதத்தில் வில்லியம் ஹில் சுமார் 700 கடைகளை மூடப்போவதாகச் சொன்னது. பெட்டி இல்லாமல் கடை இல்லை என்று எதிர்ப்பாளர்கள் பத்து வருடமாகச் சொன்னதை நிறுவனமே ஒரே அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இன்று நாடு முழுக்கப் பந்தயக் கடைகள் சுமார் 6,000. மூடியதில் ஆயிரக்கணக்கானோர் வேலையும் போயிற்று. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தவர்களின் வேலை.

கதை அதோடு முடிந்திருந்தால் வடமேற்கு லண்டனின் ப்ரெண்ட் பகுதிக்குப் போக வேண்டியதில்லை. வெம்ப்ளியின் ஈலிங் ரோடில் குஜராத்திக் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும் தோளோடு தோள் நிற்கும்; சற்றுத் தள்ளி ஆல்பர்ட்டனில் ஈழபதீஸ்வரர் ஆலயம். இந்தக் கடைகளில் சாமான் வாங்க வரும் கொழும்புக்காரர் சிலருக்கு ஆங்கிலேயக் குதிரைப் பந்தயம் ஊரிலேயே பழக்கமானது. இலங்கையின் பந்தய நிலையங்களில் வெகுகாலமாகக் கட்டப்படுவது இங்கிலாந்துத் திடல்களில் ஓடும் குதிரைகள் மேல்தான். கெம்ப்டன் பார்க் பந்தயத் திடலை லண்டனுக்கு வந்து பார்ப்பதற்கு முன்பே அதில் பணம் விட்டவர்கள் உண்டு.

ப்ரெண்டின் கடைத்தெருக்களில் இப்போது பேச்சு பந்தயக் கடையைப் பற்றி மட்டும் அல்ல. சிரிக்கும் சூரியன் முகம் போட்ட மெர்கூர் ஸ்லாட்ஸ், அட்மிரல் போன்ற பெயர்கள். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கான எந்திரக் கூடங்கள். முன்னது ஜெர்மன் குழுமத்தினுடையது, பின்னது ஆஸ்திரியக் குழுமத்தினுடையது. உள்ளே குதிரையும் இல்லை, நாயும் இல்லை, சீட்டும் இல்லை, பெட்டிகள் மட்டும். ஒரு சுற்றுக்கு 2 பவுண்டுதான். ஆனால் கடைக்கு நான்கு என்ற கட்டுப்பாடு இங்கே இல்லை. பந்தயக் கடை இரவு பத்து மணிக்கு மூடிவிட வேண்டும், காலை ஏழு வரை திறக்கக் கூடாது. எந்திரக் கூடத்துக்கு அப்படி எந்த நேரமும் சட்டம் குறிக்கவில்லை. ஆகவே பல கூடங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கின்றன. ராத்திரி மூன்று மணிக்குத் தெருவில் விளக்கெரியும் ஒரே வாசல் அதுவாக இருந்தால், யார் உள்ளே போவார் என்பதைத் தெருக்காரர்கள் ஊகிக்க வேண்டியதில்லை. மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சத்தமே சொல்லிவிடும்.

அருகருகே கடைகள் இருப்பதன் கெடுதலை அனுபவித்தவர்கள் சொல்லும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சூதை நிறுத்த நினைப்பவர், தன்னை உள்ளே விட வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வழி இருக்கிறது. அவர் புகைப்படம் அந்தச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போகும். ஊழியர் முகத்தை நினைவில் வைத்து மறித்துவிட வேண்டும். ஒரு தெருவில் இரண்டு கடை என்றால் இது நடக்கும். பத்துக் கடை, கடைக்கு ஓர் ஊழியர், அவரும் வாரத்துக்கு வாரம் மாறுகிறார் என்றால் அந்தப் புகைப்படத்தை யார் பார்ப்பது?

ப்ரெண்ட் கவுன்சில் தலைவர் முகம்மது பட் இந்தச் சண்டையை 2025-ல் மத்திய அரசின் வாசலுக்குக் கொண்டுபோனார். பல கவுன்சில்கள் சேர்ந்து வைத்த கோரிக்கையின் நடுவில் இருந்தது அதே 153-ஆம் பிரிவு. அனுமதிக்கும் நோக்கத்தோடு என்ற விதியை எடுத்துவிடுங்கள் என்பது. ப்ரெண்ட் ஈஸ்ட் எம்.பி. டான் பட்லர் நாடாளுமன்றத்தில் அதையே பேசினார். 2025 செப்டம்பரில் அரசு முழுதாக இல்லாவிட்டாலும் பாதி வழிக்கு வந்தது. ஒரு தெருவில் ஏற்கெனவே எத்தனை கூடங்கள் உள்ளன, அவற்றின் ஒட்டுமொத்தப் பாதிப்பு என்ன என்று மதிப்பிட்டு, அதன் அடிப்படையில் முடிவெடுக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் தருவதாக அறிவித்தது. மதுக்கடை உரிமத்தில் வெகுநாளாக இருக்கும் அதிகாரம்தான் இது. 2023 ஏப்ரலில் முந்தைய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையும் இதையே வாக்களித்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்த பட்ஜெட், இணையக் கசினோ ஆட்டங்களின் மீதான வரியை 2026 ஏப்ரல் முதல் 21 சதவீதத்திலிருந்து 40 ஆக ஏற்றியது. கடைத்தெருப் பந்தயக் கடையின் வரியிலும் பெட்டிகளின் வரியிலும் கை வைக்கவில்லை. கடைகளை நடத்தும் பெரிய நிறுவனங்களே இணையத்திலும் இருக்கின்றன. கைபேசியில் வரி கூடினால் அந்தப் பணத்தை எங்கே தேடுவார்கள், இன்னும் கடைகளை மூடுவார்களா, அல்லது வரி ஏறாத பெட்டிகளின் பக்கமே சாய்வார்களா என்று கவுன்சில் அலுவலகங்களில் கணக்குப் போடுகிறார்கள். மூடும் கடையின் இடத்துக்கு அடுத்து யார் விண்ணப்பிப்பார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.